பஞ்சம்மாவும் பரிப் பிள்ளையும்

வலது கையில் பாலூட்டும் பாலாடை, இடது கையில் பிள்ளையின் தாடை. ஒரு சொட்டு விட்டுத் தொண்டைக்குழி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் அடுத்த சொட்டு. அசையாவிட்டால் சுண்டுவிரலால் கன்னத்தைத் தடவி எழுப்ப வேண்டும். அவசரப்பட்டால் பால் நெஞ்சுக்குள் போய்விடும். அப்புறம் சங்கு ஊதுகிறவனுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். புஷ்பவள்ளி விடிந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் மிதியடிச் சத்தம் கேட்டது.

"வந்துட்டாளுக," என்றாள், பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சோறு பொங்க வேணாம், கூட்டிப் பெருக்க வேணாம். எறகு மொளைச்ச பரியப் பாக்க வந்துட்டாளுக."

வந்தவள் கீழ் வீட்டு ஹாஜரா. கூடவே தன் நாத்தனாரையும் இழுத்து வந்திருந்தாள்.

"புஷ்பக்கா, ஒரே ஒரு தடவ தோளை மட்டும் காட்டுங்க லா. இவ ஆயர் ஈத்தாம்லேருந்து வந்திருக்கா."

"ஆயர் ஈத்தாம்ல மலை இருக்கு. அதப் போய்ப் பாக்கச் சொல்லு. அது எவ்வளவு நேரம் பாத்தாலும் சளி பிடிக்காது."

"நாங்க என்ன தூக்கிட்டா போகப் போறோம்?"

"நீ மூச்சு விடுறதே போதும். காலையில பூண்டு தின்னியா?"

ஹாஜரா முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நாத்தனார் மட்டும் வாசற்படியில் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்தது ஒரு பஞ்சுப் பொதியையும், அதன் இரு பக்கமும் காலுறை மாட்டிப் படுக்க வைத்திருந்த நான்கு போத்தல்களையும்தான்.

பஞ்சுக்குள்ளே கிடந்தது எட்டாம் மாதத்தில் பிறந்த ஆண் பிள்ளை. ஒரு முழம்கூட இல்லை. காதுமடல் வெளிச்சத்தில் வெங்காயத் தோல் மாதிரி தெரிந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை, வாயை மட்டும் திறந்து மூடும். போத்தல்கள் சீனன் கடையில் வாங்கிய சதுரச் சாராயப் போத்தல்கள். வெந்நீர் ஊற்றி, தக்கை அடைத்து, பிள்ளையின் தகப்பனார் சின்னையாவுடைய காலுறைகளை அவற்றுக்கு மாட்டியிருந்தாள். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் அவர் அந்த நாட்களில் வெறுங்காலுக்குப் பூட்சு மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். போத்தல் ஆறினால் பிள்ளையும் ஆறிப்போகும் என்று புஷ்பவள்ளி முதல் நாளே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றைத்தான் யாரும் தெரிந்துகொள்ளவில்லை.

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் பிள்ளை பெற்ற தமிழ் வீடுகளில் அவளுக்குப் பஞ்சம்மா என்றுதான் பெயர். குறைமாதப் பிள்ளை என்று கேள்விப்பட்டால் ஒரு மூட்டை இலவம்பஞ்சோடு வந்து நிற்பாள். சின்ன வயதில் தகப்பனோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவள். தகப்பன் தோணித்துறையில் மூட்டை தூக்கி, இருமி, செத்தான். கட்டிக் கொடுத்தவன் மாட்டு வண்டிக்காரன். கெடா பக்கம் வேலை தேடிப் போகிறேன் என்றவன் திரும்பவில்லை. இருக்கிறானா செத்தானா என்று அவள் விசாரித்ததில்லை. இரண்டில் எதுவானாலும் அவளுக்குச் சோறு போடப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் ஆயாவாகச் சேர்ந்தாள். அங்கே ஒரு வெள்ளைக்கார மேட்ரன் இருந்தாள். கையைக் கழுவு, தண்ணீரைக் கொதிக்க வை, பிள்ளையைச் சூடாக வை, வாயை மூடு. அவள் கற்றுக் கொடுத்தது அவ்வளவுதான். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. புஷ்பவள்ளிக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். முழங்கால் மடங்காமல் போனதும் வார்டை விட்டுவிட்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைகளில் குயின் தெரு மாரியம்மனைக் கும்பிடுவாள். வேண்டுதல் ஒன்றும் வைக்க மாட்டாள். அம்மனுக்கும் வேலை இருக்கும் என்பாள்.

இப்படிப்பட்டவள் வந்து மாட்டிக்கொண்டது பயாஸ்கோப் பார்த்துக் கெட்டுப்போன ஒரு குடும்பத்தில்.

பிள்ளை பிறப்பதற்கு முந்தின வாரம் சின்னையா தன் மூத்த பெண் வடிவம்மாளைப் படக்கொட்டகைக்குக் கூட்டிப் போனார். வடிவுக்கு ஏழு வயது. படத்தில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள், ஒரு தோட்டம், பூவுக்குப் பூ தாவும் விரல் அளவு தேவதைப் பெண்கள், பரிகள். முதுகில் தும்பிக்கு இருப்பது மாதிரி இறகு. அந்தப் படங்கள் பேசாது. இங்கிலீசில் எழுத்து வரும். அதைத் தமிழில் சொல்லத் திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு ஒருவன் நிற்பான். அவன் பெயர் நாகூர் மீரான். முன்னால் அத்தர் விற்றவன். நல்ல குரல். இங்கிலீசு ஓர் எழுத்தும் தெரியாது. டிக்கெட் கிழிக்கும், இங்கிலீசு படிக்கத் தெரிந்த சட்டைக்காரப் பையன் முன்கூட்டியே கதையைச் சொல்லிவிடுவான். மீரான் அதை ஊதிப் பெருக்கிப் பாடுவான்.

அன்றைக்கு அந்தப் பையன் வரவில்லை. போதாக்குறைக்குப் படம் ஓட்டுகிறவன் தூக்கக் கலக்கத்தில் மூன்றாவது சுருளை இரண்டாவதற்கு முன்னால் மாட்டிவிட்டான். கதைப்படி தோட்டத்தில் கிடைத்த ஒரு பரிக் குஞ்சை அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் கொண்டு வருகிறார்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இறகை மறைக்கக் கம்பளிச் சட்டை போட்டு வைக்கிறார்கள். சுருள் மாறியதால் கொட்டகையில் எல்லாம் தலைகீழாக வந்தது. முதலில் சட்டை போட்ட பிள்ளை, இறகில்லை. அப்புறம் சட்டை இல்லாத பிள்ளை, இறகு இருக்கிறது. மீரான் ஒரு நொடி திகைத்தான். அவ்வளவுதான், வாய் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

"பாத்தீங்களா மக்களே! துணியப் போட்டு மூடுனாங்க, எறகு கருகிப் போச்சு! துணிய உருவுனாங்க, காத்துப் பட்டுச்சு, மொளைச்சுது பாருங்க எறகு!"

கொட்டகையே கைதட்டியது. வடிவும் தட்டினாள்.

அடுத்த வாரம் தம்பி பிறந்தான். குறைமாதப் பிள்ளைக்குத் தோளிலும் முதுகிலும் பூனைமுடி இருக்கும். வயிற்றுக்குள்ளேயே உதிர வேண்டியது, முந்தி வந்ததால் உதிராமல் இருக்கும். வார்டில் புஷ்பவள்ளி அதை எத்தனையோ முதுகில் பார்த்திருக்கிறாள். வடிவு அதைப் பார்த்ததும் தெருவே கேட்கும்படி கத்தினாள்: "தம்பிக்கு எறகு மொளைக்குது!"

குழந்தை சொன்னதைக் குழந்தை சொன்னதாக விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பெரியவர்கள் விடவில்லை. சின்னையா கிடங்கில் போய்ச் சொன்னார். ஹாஜரா காய்கறி வாங்கப் போன பாசாரில் சொன்னாள். வெற்றிலை வாங்க வந்தவன், தண்ணீர் தூக்குகிறவன், பக்கத்துத் தெரு மலாய்க்காரக் கிழவி, எல்லோரும் படியேறி வந்தார்கள். ஒருத்தி பிள்ளையின் தலைமாட்டில் மல்லிகைப்பூ வைத்துவிட்டுப் போனாள். புஷ்பவள்ளி அதை எடுத்துச் சன்னல் வழியாக வீசினாள்.

தாய் ஜெயலெட்சுமி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பாலை மட்டும் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பாள். பிள்ளையைக் கையில் வாங்க மாட்டாள்.

"தொட்டா என்ன, கடிக்குமா?" என்றாள் புஷ்பவள்ளி.

"பரின்னுதானே எல்லாரும் சொல்றாங்க அக்கா. பரின்னா அது வந்த எடத்துக்குத் திரும்பிப் போயிரும். இங்க தங்குமா?"

புஷ்பவள்ளிக்கு அப்போதுதான் விளங்கியது. போன வருஷமும் இந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போயிருந்தது. ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது என்று ஊர் சொல்லும். சாகப் போகிற பிள்ளை என்று சொல்ல வாய் வராமல் பரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. இன்னும் உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பூ வைத்துப் பாட்டுப் பாடி வழியனுப்புகிறார்கள். தூ!

"இது போகிற வரைக்கும் போத்தலுக்கு வெந்நீர் வேணும். அடுப்ப அணைய விடாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

அவள் பயந்தது ஊரைப் பார்த்துத்தான். வடிவைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை. வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்த இன்னொரு முட்டாள், அளவில் சின்னது, அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தாள்.

அன்று மத்தியானம் போத்தல்களை எடுத்துக்கொண்டு புஷ்பவள்ளி கீழே அடுப்படிக்குப் போனாள். ஜெயலெட்சுமி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முழங்காலை இழுத்து இழுத்துப் புஷ்பவள்ளி திரும்பப் படியேறி வந்தபோது கடற்காற்று முகத்தில் அடித்தது. சாத்தி வைத்த மரச்சன்னல் திறந்திருந்தது. பஞ்சு அறையெங்கும் பறந்துகொண்டிருந்தது. சன்னலடியில் மடித்துப் போட்ட துணிமேல் பிள்ளை குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் வடிவு மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் உள்ளங்காலும் உதடும் நீலம் பாரித்திருந்தன.

புஷ்பவள்ளி சத்தம் போடவில்லை. சத்தம் போடுவதற்கு நேரமில்லை. போத்தல்களைக் கீழே வைத்தாள், ரவிக்கையை அவிழ்த்தாள், பிள்ளையை எடுத்து மார்புக்கு நடுவில் வெறும் மேலில் ஒட்டி வைத்தாள், மேலே புடவையைச் சுற்றினாள். காலால் சன்னலை உதைத்துச் சாத்தினாள். அப்புறம்தான் ஒரு கை ஓய்வானது. அந்தக் கையால் வடிவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"சாகடிக்கப் பாத்தியாடி?"

"எறகு மொளைக்க வேணாமா?" வடிவு அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க பஞ்ச வச்சு மூடிட்டீங்க. மூடுனா கருகிப் போயிரும். எறகு மொளைச்சாத்தான் தம்பி சாகாது. போன தம்பிக்கு எறகு இல்ல, அதான் செத்துப் போச்சு."

பாயில் எழுந்து உட்கார்ந்த ஜெயலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

புஷ்பவள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளை அவள் மார்பில் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. வடிவு அருகில் வந்தாள். அடி வாங்கிய பிள்ளை தள்ளி நிற்கும், இவள் நிற்கவில்லை. புடவைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டாள். நீலம் போய்ச் சிவப்பு வரும் வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சின்னையா வேலையிலிருந்து வந்ததும் புஷ்பவள்ளி அவரை உட்காரவே விடவில்லை.

"போங்க. போய் அந்தப் பிரம்புக்காரனக் கூட்டிட்டு வாங்க. மூட்டி விட்டவன் வந்து அணைக்கட்டும்."

"இப்பவா? காட்சி ஆரம்பிக்கிற நேரம்…"

"உங்க பையனுக்கும் ஒரு காட்சி முடியப் பாத்துச்சு, கிராணியாரே. போங்க."

நாகூர் மீரான் வந்தான். அவனுக்கு முன்னால் அவனுடைய அத்தர் வாசனை வந்தது. சரிகைத் தொப்பி, கையில் பிரம்பு. தன் வாயால் ஒரு வீட்டில் பரியே பிறந்துவிட்டது என்ற மகிழ்ச்சி முகமெல்லாம் இருந்தது.

"எங்கே நம்ம பரி?"

"பரி இங்க இல்ல. புள்ளதான் இருக்கு. அங்கேயே நில்லு, கிட்ட வராதே," என்றாள் புஷ்பவள்ளி. பிள்ளை இன்னும் அவள் புடவைக்குள்தான் இருந்தது. "இந்தா நிக்கிறாளே, இவகிட்ட நீ சொன்னது பொய்யின்னு சொல்லிட்டுப் போ."

"பொய்யா? யம்மா, மீரான் படத்துல வராதத ஒரு வார்த்த பேசுனது கெடயாது."

"எழுத்து வருதே, அதப் படிப்பியா?"

"எழுத்தெதுக்கு? அல்லா கண்ணு குடுத்திருக்கான்ல?"

"கண்ணக் குடுத்தான். கூடவே வாயையும் குடுத்துட்டான், அதான் கேடு."

சின்னையா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மீரான் நானா, கொழந்தைக்கு நல்லபடியா ரெண்டு வார்த்த சொல்லுங்க."

மீரான் வடிவின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். இரண்டு பேர் கேட்டாலும் அவனுக்கு அது கொட்டகைதான். "கேளும்மா. ஒன்ன மாதிரி நம்புற புள்ளைங்க வீட்டுக்குத்தான் பரி வரும்…"

"நாசமாப் போச்சு," என்றாள் புஷ்பவள்ளி.

வடிவு அவனைக் குறுக்கே நிறுத்தினாள். "நானா, பரிக்குக் குளிருமா?"

"பரிக்கா? குளிரா?" மீரான் பிரம்பைத் தரையில் தட்டினான். "வெள்ளக்கார நாட்டுல வானத்துலேருந்து ஐஸ் கொட்டும்மா. அதுமேல வெறும் மேலோட படுத்துத் தூங்கும். குளிருன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது."

"நீலமாப் போகாதா?"

"எதுக்கு நீலமாப் போகணும்? பரிக்கு நோவு கெடயாது, சாவு கெடயாது!"

வடிவு எழுந்தாள். புஷ்பவள்ளியிடம் வந்து புடவைக்கு வெளியே தெரிந்த பாதத்தை இன்னொரு முறை தொட்டாள்.

"அப்ப இது பரி இல்ல," என்றாள்.

"என்னம்மா?" என்றார் சின்னையா.

"தம்பிக்குக் குளிருச்சு. நீலமாப் போச்சு, நான் பாத்தேன். பரின்னா போகாதுன்னு இந்த நானா சொல்றாரு. அப்ப இது வெறும் புள்ளதான். சாவும்." அவள் குரல் உடையவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. "அப்பா, கதவச் சாத்துங்க. காத்து வருது."

மீரான் பிரம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். சின்னையா தலையைக் குனிந்துகொண்டார். பரி பரி என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், சாவு என்ற அந்த ஒரு சொல்லைத் தன் மகள் சொல்லக் கேட்டு நின்றார். ஜெயலெட்சுமி அழுதாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

"குடுங்கக்கா அத," என்று கையை நீட்டினாள்.

"அழுறதுன்னா அழு, கையை மட்டும் ஆட்டாத," என்றாள் புஷ்பவள்ளி. பிள்ளையைத் தாயின் மார்புக்கு மாற்றி, மேலே பஞ்சை வைத்துச் சுற்றினாள். பிறகு மீரானைப் பார்த்தாள். "இன்னும் எதுக்கு நிக்கிற? கொட்டகையில பொய் ஆறிப் போயிரும்."

வடிவை அடித்ததற்காக அவள் வருத்தப்படவில்லை. ஆனால் அந்த வீட்டில் மூளை என்று ஒன்று எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது ஏழு வயது உடம்பில் இருப்பதைப் பார்த்து அவளுக்கு மற்றவர்கள்மேல் இருந்த வெறுப்பு இன்னும் கூடத்தான் செய்தது.

நாய் வாலை நிமிர்த்தினாலும் மீரான் வாயைக் கட்ட முடியாது. அன்றைக்குச் சாயங்காலக் காட்சியிலேயே அவன் சொல்லிவிட்டான்: நம்ம ஊரிலேயே, கூப்பிடு தூரத்தில், ஒரு பரிப் பிள்ளை இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்று. பார்த்தது ஒரு பாதத்தை. அதையும் எட்ட நின்று.

மறுநாள் காலையில் வீட்டு வாசல்களை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் கூட்டம் நின்றது. பயாஸ்கோப் பார்த்தவர்கள், பார்த்தவர்களிடம் கேட்டவர்கள், சும்மா கூட்டம் பார்த்து நின்றவர்கள். அவர்களுக்கு நடுவே வழி சொல்லிக்கொண்டு மீரானும் நின்றான். மாடிப்படியின் மேல் படியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சதுரப் போத்தல்; அதற்கு அப்பாவின் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வழி விடு பாப்பா, பரியப் பாக்கணும்," என்றான் முதலில் ஏறியவன்.

"பரி இல்ல. எந்தம்பிதான் இருக்கான். அவனுக்குக் குளிரும். போங்க."

"தோள்ல எறகு இருக்குன்னாங்களே?"

"முடி. ஒங்களுக்கு மூக்குல இருக்கே, அது மாதிரி."

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். ஹாஜரா தன் வாசலிலிருந்தே கத்தினாள்: "அடியே, வாய் மட்டும் அப்படியே பஞ்சம்மா வாய்!"

அந்த நேரம் மேலே பிள்ளை அழுதது. முந்தின நாள் வரை வாயை மட்டும் திறந்து மூடியது, அன்றைக்குத்தான் சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை, பூனைக்குட்டி கத்துவது போல ஒரு கீச்சு. ஆனால் படி வரைக்கும் கேட்டது. எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் பசிக்குப் போடுகிற சத்தம்தான் அது.

"ச்சே, வெறும் புள்ளதானா?" என்றான் ஏறியவன். "இதுக்கா வேலையக் கெடுத்துட்டு வந்தேன்?"

புஷ்பவள்ளி உள்ளே அதைக் கேட்டாள். அப்போதுதான் கொதிக்க வைத்துப் பிழிந்த பீத்துணிகளை மூங்கில் கழியில் வரிசையாகக் கோத்து முடித்திருந்தாள். சன்னலைத் திறந்து கழியை வெளியே நீட்டி, மறுபடி இடுக்கு விடாமல் சாத்தினாள். கழியில் தொங்கிய துணிகளிலிருந்து தண்ணீர் கீழே நின்ற கூட்டத்தின் மேலும், சரிகைத் தொப்பியின் மேலும் சொட்டியது. கூட்டம் கலைந்தது. பஞ்சம்மா பாலாடையைத் துடைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வடிவு, போத்தலக் கொண்டா," என்றாள். "ஆறிடப் போகுது."